விலை குறைந்ததாம், பில் ஏன் குறையவில்லை? – வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்ட், காஸ் விலை மாறுகிறது. மாறும் ஒவ்வொரு முறையும் நமக்கு வரும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவான சந்தேகங்களை எடுத்துக்கொண்டோம். இங்கே சொல்லும் விலைகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீடுகளுக்கானவை. வட அயர்லாந்தில் ஒழுங்கே வேறு. வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், யூனிட் (ஒரு கிலோவாட் மணி) விலை என்பது டைரக்ட் டெபிட்டில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணையில், கட்டுவோருக்கான சராசரி விலை, 5 சதவீத வாட் வரியும் சேர்ந்தது.

2025 ஜூலையில் விலை 7 சதவீதம் குறைகிறது என்று செய்தியில் சொன்னார்கள். அடுத்த மாதமே என் டைரக்ட் டெபிட்டை 142 பவுண்டிலிருந்து 146 ஆக்கிவிட்டார்கள். இது என்ன நியாயம்?
– வாசகி, ஹாரோ

நியாயமா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் அம்மா. குறைந்தது யூனிட் விலை. நீங்கள் மாதாமாதம் கட்டுவது யூனிட் விலை அல்ல, அது ஒரு தவணை. உங்கள் வீட்டுக்கு ஓராண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நிறுவனம் ஒரு மதிப்பீடு போட்டு, பழைய பாக்கி இருந்தால் அதையும் கூட்டி, 12 ஆல் வகுத்து எடுக்கிறது.

அந்த ஜூலைக் குறைப்பு, நடுத்தர அளவில் புழங்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,849 பவுண்டாக இருந்ததை 1,720 ஆக்கியது. வித்தியாசம் 129 பவுண்டு. மாதத்துக்கு 10.75. உங்கள் கணக்கில் குளிர்காலப் பாக்கியாக ஒரு 180 பவுண்டு நின்றிருந்தால், அதை 12 மாதத்தில் வசூலிக்க மாதம் 15 பவுண்டு வேண்டும். 15 ஏறி 10.75 இறங்கினால் மிச்சம் 4.25 ஏற்றம். 142, 146 ஆனதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம்.

ஆனால் அதை ஊகிக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு எழுதி மூன்று எண்களைக் கேளுங்கள்: ஓராண்டுக்கு என் வீட்டில் எத்தனை கிலோவாட் மணி கரண்ட், எத்தனை கிலோவாட் மணி காஸ் செலவாகும் என்று வைத்திருக்கிறீர்கள்? இன்றைய தேதியில் என் கணக்கில் பாக்கியா, வரவா, எவ்வளவு? பாக்கியை எத்தனை மாதத்தில் தீர்க்கக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? தவணையை எப்படிக் கணித்தோம் என்று விளக்கவேண்டியது அவர்கள் கடமை. பெரும்பாலும் தவறு முதல் எண்ணில்தான் இருக்கும். மகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான், பழைய ஃப்ரீசர் போய்விட்டது, ஆனால் மதிப்பீடு மட்டும் பழைய வீட்டுக்கே நிற்கும். மீட்டர் ரீடிங் கொடுத்துவிட்டு மறுபடி கணிக்கச் சொல்லுங்கள்.

கணக்கில் வரவு குவிந்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்கவும் உரிமை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் வரவு நிற்பது இயல்பு, அது குளிர்காலத்துக்கான சேமிப்பு. ஏப்ரல், மே மாதத்திலும் இரண்டு மூன்று தவணை அளவுக்கு வரவு நின்றால் கேட்டு வாங்கிவிடுங்கள். வட்டியில்லாக் கடன் கொடுக்க அவர்கள் நம் சொந்தக்காரர் அல்ல.

2026 ஜனவரியில் உச்சவரம்பு 1,758 பவுண்டு என்றார்கள். எங்கள் வீட்டில் ஆறு பேர். சென்ற ஆண்டு 2,600 கட்டியிருக்கிறோம். மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், குரொய்டன்

கேட்க முடியாது. ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஜனவரி முதல் நடத்திவரும் இந்த உச்சவரம்பு, மொத்த பில்லுக்கு வைத்த பூட்டு அல்ல. ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் (புழங்கினாலும் புழங்காவிட்டாலும் கட்டும் நாள் கட்டணம்) என்று இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். எரிக்க எரிக்க பில் ஏறும்.

1,758 என்பது ஆண்டுக்கு 2,700 கிலோவாட் மணி கரண்டும் 11,500 கிலோவாட் மணி காஸும் செலவழிக்கும் ஒரு கற்பனை வீட்டின் கணக்கு. 2026 ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். கரண்ட் யூனிட் 27.69 பென்ஸ், 2,700 யூனிட்டுக்கு 747.63 பவுண்டு. அதன் ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 54.75 பென்ஸ், ஆண்டுக்கு 199.84. காஸ் யூனிட் 5.93 பென்ஸ், 11,500க்கு 681.95. அதன் ஸ்டாண்டிங் சார்ஜ் 35.09 பென்ஸ், ஆண்டுக்கு 128.08. கூட்டினால் 1,757.50. அப்போது செய்தியில் வந்த எண் இதுதான்.

உங்கள் வீட்டு ஆண்டுப் புழக்கத்தை அந்தந்த நேரத்து இரண்டு யூனிட் விலைகளால் பெருக்கி, இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜையும் கூட்டினால் உங்கள் வீட்டுக்கான எண் கிடைக்கும். ஆண்டுப் புழக்கம் பில்லிலேயே அச்சாகியிருக்கும். இன்னொன்று, நாடு 14 விநியோகப் பிரதேசங்களாகப் பிரிந்திருக்கிறது. பிரதேசத்துக்குப் பிரதேசம் ஸ்டாண்டிங் சார்ஜும் யூனிட் விலையும் மாறும். லிவர்பூலில் இருக்கும் அண்ணனின் பில்லோடு குரொய்டன் பில்லை ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

காஸ் விலை இறங்கியதாகச் சொல்கிறார்கள். எனக்குச் சின்ன ஃப்ளாட், ஒரே ஆள். ஏறத்தானே செய்கிறது?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

நீங்கள் சொல்வது சரிதான். 2025 அக்டோபரிலிருந்து 2026 ஜனவரிக்கு உச்சவரம்பு மொத்தத்தில் 1,755இலிருந்து 1,758 ஆனது. பார்த்தால் மாற்றமே இல்லாதது போலிருக்கும். உள்ளே பிரித்தால், காஸ் யூனிட் 6.29இலிருந்து 5.93க்கு இறங்கியது, கரண்ட் யூனிட் 26.35இலிருந்து 27.69க்கு ஏறியது. இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜும் நாளுக்கு ஒரு பென்ஸ் சொச்சம் ஏறின.

ஆக, காஸ் ஹீட்டிங் உள்ள வீடு குளிர்கால மூன்று மாதத்தில் 4,500 யூனிட் காஸ் எரித்தால் யூனிட் விலையில் 16 பவுண்டு மிச்சம். எல்லாமே கரண்டில் ஓடும் ஃப்ளாட், அதே மூன்று மாதத்தில் 500 யூனிட் புழங்கினால் யூனிட்டில் 6.70, ஸ்டாண்டிங் சார்ஜில் இன்னும் 96 பென்ஸ் கூடுதல். ஒரே அறிவிப்பு, ஒரு வீட்டுக்கு இறக்கம், அடுத்த வீட்டுக்கு ஏற்றம்.

உங்கள் கடிதத்தில், காஸ் இருப்பது அடுப்புக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சற்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சமையலுக்கு மட்டும் ஆண்டுக்கு 400 யூனிட் ஆனால், அந்த ஜனவரி விலையில் காஸுக்கு 24 பவுண்டுகூட இல்லை. ஆனால் காஸ் ஸ்டாண்டிங் சார்ஜ் 128 பவுண்டு. ஐந்து மடங்குக்கு மேல்! அடுப்பை எத்தனை கவனமாக எரித்தாலும் இந்தப் பணம் குறையாது. வீடு சொந்தமென்றால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறி, காஸ் மீட்டரையே எடுக்கச் சொல்வதுதான் வழி. அடுப்பை மட்டும் கழற்றி மீட்டரை விட்டுவைத்தால் ஸ்டாண்டிங் சார்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டரை எடுக்கக் கட்டணம் உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

அரசாங்கம் எல்லாருக்கும் 150 பவுண்டு தருகிறதாமே, எப்போது கணக்கில் விழும்?
– பல வாசகர்கள்

இந்த ஒரே எண்ணில் இரண்டு விஷயங்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

முதல் 150, வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட். குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோருக்குக் குளிர்காலத்தில் ஒரேமுறை கிடைக்கும் தள்ளுபடி. கையில் வராது, வழக்கமாகக் கரண்ட் கணக்கில் வரவாக விழும். 2025–26 குளிர்காலத்திலிருந்து, வருமானத்தைப் பொறுத்துத் தரப்படும் உதவித்தொகை வாங்கும் பலரும் இதற்குள் வந்துவிட்டார்கள். இதில் நம் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பென்ஷன் கிரெடிட் வாங்குவது அப்பா, கரண்ட் கணக்கு மகன் பெயரில். அப்படியானால் கிடைக்காது. கணக்கில் உள்ள பெயர் உதவித்தொகை பெறுபவருடையதாகவோ அவரது வாழ்க்கைத் துணையுடையதாகவோ இருக்க வேண்டும். அதுவும் அந்த ஆண்டுக்கான தகுதி நாளுக்கு முன்பே இருக்க வேண்டும். பிறகு மாற்றினால் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் பயன்.

இரண்டாவது 150, 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் சொன்னது. பில்லில் ஏறிக்கொண்டிருந்த சில கொள்கைச் செலவுகளை 2026 ஏப்ரல் முதல் எடுத்துவிடுவதால், சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பவுண்டு குறையும் என்பது கணக்கு. இது யாருக்கும் பணமாக வராது, யூனிட் விலைக்குள் கரைந்து வரும். அதில் பெரும்பங்கு கரண்ட் விலையில் ஏற்றிவைத்திருந்த பழைய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மானியச் செலவு. எனவே கரண்ட் கூடுதலாகப் புழங்கும் வீட்டுக்குக் கூடுதலாகவும், கொஞ்சமாகப் புழங்கும் வீட்டுக்குக் குறைவாகவும் கிடைக்கும். ஒற்றை ஆள் ஃப்ளாட்டில் 150ஐத் தேடினால் கிடைக்காது. அதேசமயம் காஸ் குழாய் வலைப்பின்னல், மின்கம்பி வலைப்பின்னல் செலவுகள் வேறு திசையில் போனால், இறங்கியதில் ஒரு பகுதியை அவை விழுங்கிவிடும்.

'150 பவுண்டு பெற இங்கே அழுத்துங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். இரண்டு 150க்குமே வங்கி விவரம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் கிடையாது.

போன ஆண்டு ஃபிக்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கு விலை மாறாத திட்டம்) எடுத்தோம். இப்போது அதைவிடக் குறைந்த விலையில் வேறு ஃபிக்ஸ் வந்திருக்கிறது. உடைத்துக்கொண்டு போகலாமா? உடைக்க ஒரு எரிபொருளுக்கு 50 பவுண்டு என்கிறார்கள்.
– வாசகர், மில்டன் கீன்ஸ்

உச்சவரம்பு ஃபிக்ஸ் திட்டங்களைக் கட்டுப்படுத்தாது. ஊரெல்லாம் விலை இறங்கினாலும் உங்கள் விலை நகராது. ஏறினாலும் நகராது. அந்த நிம்மதிக்காகத்தானே எடுத்தீர்கள்.

உடைப்பதா என்பதற்குச் சதவீதம் பார்க்காதீர்கள். மிச்சமுள்ள மாதங்களில் எத்தனை யூனிட் எரியும் என்று பாருங்கள். உதாரணமாக ஃபிக்ஸ் முடிய ஐந்து மாதம் இருக்கிறது, அது குளிர்காலம், 1,100 யூனிட் கரண்டும் 6,000 யூனிட் காஸும் ஆகும் என்று வைப்போம். புதிய திட்டத்தில் கரண்ட் யூனிட்டுக்கு 2 பென்ஸ் குறைவு, காஸுக்கு 0.8 பென்ஸ் குறைவு. மிச்சம் 22 பவுண்டும் 48 பவுண்டும், மொத்தம் 70. உடைக்கும் கட்டணம் 100. போகக்கூடாது. இதே ஐந்து மாதம் கோடையாக இருந்தால் காஸ் 1,500 யூனிட்தான் எரியும், மிச்சம் இன்னும் சுருங்கும்.

மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். ஃபிக்ஸ் முடிய 49 நாள் இருக்கும்போதிலிருந்து உடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. அந்த நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதே நிறுவனத்துக்குள் வேறு திட்டத்துக்கு மாறினால் சிலர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். புதிய திட்டத்தின் ஸ்டாண்டிங் சார்ஜையும் பாருங்கள். யூனிட் விலையை இறக்கிக் காட்டி, நாள் கட்டணத்தில் 10 பென்ஸ் ஏற்றியிருந்தால் ஆண்டுக்கு 36.50 அங்கே போய்விடும்.

49 நாளில் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஃபிக்ஸ் முடிந்ததும் ஸ்டாண்டர்ட் வேரியபிள் என்ற, விலை மாறிக்கொண்டிருக்கும் திட்டத்தில் விழுவீர்கள். அது உச்சவரம்புக்கு உட்பட்டது, ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் சந்தையில் அதைவிட நல்ல விலை இருக்கலாம்.

பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே மாதிரி. அவர்களுக்கு வரும் காஸ் பில்லைப்போல எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பாய்லர் ஆள் வந்து பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்கிறார்.
– வாசகர், லெஸ்டர்

'கிட்டத்தட்ட மூன்று மடங்கு' என்று எழுதியிருப்பதால்தான் உங்கள் கடிதத்தை உடனே எடுத்தோம். பாய்லரை விடுங்கள், மீட்டரைப் பாருங்கள்.

பிரிட்டனில் இரண்டு விதமான காஸ் மீட்டர்கள் உண்டு. பழையவை கன அடியில் அளப்பவை, முகத்தில் எஃப்டி என்ற எழுத்துகளும் மேலே சிறிய 3ம் இருக்கும், கறுப்பு இலக்கங்கள் வழக்கமாக நான்கு. புதியவை கன மீட்டரில் அளப்பவை, எம் என்ற எழுத்தும் மேலே சிறிய 3ம், கறுப்பு இலக்கங்கள் வழக்கமாக ஐந்து. பழைய மீட்டரின் ஒரு யூனிட் (இங்கே மட்டும் யூனிட் என்பது மீட்டரில் ஓடும் எண்) நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். புதிய மீட்டரை மாட்டிவிட்டு நிறுவனத்தின் கணினியில் 'பழையது' என்றே விட்டுவைத்தால், ஒவ்வொரு யூனிட்டையும் 2.83ஆல் பெருக்கிவிடும். பில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும்.

காஸ் கணக்கு நடக்கும் விதம் இது: கன மீட்டரை 1.02264ஆல் பெருக்கி, காஸின் வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6ஆல் வகுக்க வேண்டும். வெப்ப மதிப்பு 39 சொச்சம், பில்லில் அச்சாகியிருக்கும். 39.5 என்று வைத்தால் 100 கன மீட்டருக்கு 1,122 கிலோவாட் மணி வரும்.

இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்றால் ஒரு சுருக்கு வழி. பில்லில் உள்ள புதிய ரீடிங்கிலிருந்து பழைய ரீடிங்கைக் கழியுங்கள். அதே பில்லில் உள்ள கிலோவாட் மணியை அந்த எண்ணால் வகுங்கள். விடை 11 சொச்சம் வந்தால் உங்களைக் கன மீட்டர் வீடாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 32க்குப் பக்கத்தில் வந்தால் கன அடி வீடாக. இப்போது மீட்டர் முகத்தைப் பாருங்கள். முகத்தில் கன மீட்டரும் பில்லில் 32ம் இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். நேர் எதிராகவும் நடக்கும், மீட்டர் கன அடி, பில்லில் 11. அப்படியானால் குறைவாகக் கட்டிவருகிறீர்கள்.

மீட்டரின் எண்ணும் ரீடிங்கும் அளவுக் குறியும் ஒரே படத்தில் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து அனுப்பி, 'மீட்டர் வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது' என்று எழுதுங்கள். 'பில் அதிகம்' என்று மட்டும் எழுதினால் ஹீட்டிங்கைக் குறையுங்கள் என்று பதில் வரும். மீட்டர் மாட்டிய நாளிலிருந்து திருத்தக் கேளுங்கள். நிறுவனம் தன் தவறால் வசூலிக்காமல் விட்ட காசை 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அது அவர்கள் நம்மிடம் கேட்பதற்கான வரம்பு. நாம் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்பதற்கு அந்த 12 மாதம் பொருந்தாது. தொலைபேசியில் இரண்டையும் குழப்பிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிவப்பு இலக்கங்களைப் பற்றி ஒரு வரி: அவை தசமங்கள், கொடுக்கக் கூடாது. அவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் பத்தாயிரக் கணக்கில் பில் வந்ததென்று பதறி எழுதுவோர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு.

2026 ஜனவரிக்குக் கரண்ட் யூனிட் 27.69 பென்ஸ் என்கிறீர்கள். என் பில்லில் அதைவிடக் குறைவாக 26.37 என்று இருக்கிறது. தள்ளுபடியா?
– வாசகி, கோவென்ட்ரி

இல்லை. பல பில்களில் வாட் சேர்க்காத விலையை வரிசையாகப் போட்டு, கடைசியில் 5 சதவீதத்தை மொத்தமாகக் கூட்டுவார்கள். 26.37ஐ 1.05ஆல் பெருக்கினால் 27.69. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஒன்று வாட் சேர்த்ததா, மற்றது சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை மாறும் நாளில் மீட்டர் ரீடிங் கொடுக்க மறந்துவிட்டேன். பெரிய நட்டமா?
– வாசகர், சவுத்ஹால்

ஸ்மார்ட் மீட்டர் ஒழுங்காகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். சாதாரண மீட்டர் என்றால், ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களையொட்டி ரீடிங் கொடுப்பது நல்லது. கொடுக்காவிட்டால் நிறுவனம் ஊகித்து, பழைய விலைக்கு இத்தனை யூனிட், புதிய விலைக்கு இத்தனை யூனிட் என்று பிரிக்கும்.

அது எவ்வளவு தப்பும்? 2025 அக்டோபரில் கரண்ட் யூனிட் ஏறியது 0.62 பென்ஸ். 200 யூனிட்டைத் தவறான பக்கத்தில் போட்டாலும் நட்டம் 1.24 பவுண்டு. அதற்காக நள்ளிரவு விழித்திருக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் யூனிட் ஏறத்தாழ 21 பென்ஸிலிருந்து 28க்குத் தாவியபோது அதே 200 யூனிட்டுக்கு 14 பவுண்டு. முந்தைய நாள் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்து பல நிறுவனங்களின் தளங்கள் முடங்கியதும் அதனால்தான். அந்தப் பதற்றம் பழக்கமாக நின்றுவிட்டது.

மறந்த நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் கொடுத்தாலும் போதும், முன்தேதியிட்டு ஏற்பவர்கள் உண்டு. தேதியோடு ஃபோட்டோ வைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறப்போகிறதென்று மீட்டரில் இல்லாத ரீடிங்கைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அடுத்த உண்மையான ரீடிங்கில் அது தெரிந்துவிடும்.

எகானமி 7 மீட்டர். இரவில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் ஸ்டோரேஜ் ஹீட்டர் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் பில் மலை மாதிரி.
– வாசகி, எடின்பரோ

இரவு ஏழு மணி நேரம் மலிவு, பகலில் வழக்கத்தைவிடக் கூடுதல் விலை. அதனால் மீட்டரில் இரண்டு எண்கள் ஓடும். அடிக்கடி நடக்கும் கோளாறு, இந்த இரண்டையும் நிறுவனம் இடம்மாற்றிப் பதிந்துவைப்பது.

உதாரணத்துக்குப் பகல் 30 பென்ஸ், இரவு 15 என்று வைத்துப் பாருங்கள். ஓராண்டில் பகலில் 1,500, இரவில் 3,000 யூனிட். சரியான கணக்கு 450 கூட்டல் 450, மொத்தம் 900 பவுண்டு. இடம்மாறினால் 225 கூட்டல் 900, மொத்தம் 1,125. ஆண்டுக்கு 225 பவுண்டு சும்மா போகிறது.

சோதிப்பது எளிது. படுக்கப் போகும்போது இரண்டு எண்களையும் எழுதுங்கள். காலையில் மறுபடி எழுதுங்கள். எது அதிகம் ஓடியிருக்கிறதோ அதுதான் இரவு எண். பகல் 12 மணிக்கு ஓவனைப் போட்டுவிட்டு எது நகர்கிறது என்று பார்த்து உறுதி செய்யலாம். பிறகு பில்லில் 'நைட்' என்று போட்டிருப்பது அந்த எண்தானா என்று பாருங்கள்.

மீட்டர் கடிகாரங்கள் பல, கோடைகால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. குளிர்காலத்தில் இரவு 12 மணிக்குத் தொடங்கிய மலிவு நேரம் கோடையில் 1 மணிக்குத் தொடங்கும். வாஷிங் மெஷினுக்கு டைமர் வைப்பவர்கள் இதில் ஒரு மணி நேரம் இழக்கிறார்கள். மேலும், வானொலி அலை வழியாக மலிவு நேரத்தை மாற்றும் பழைய ரேடியோ டெலிஸ்விட்ச் முறையை 2025 ஜூன் 30இலிருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்து, ஹீட்டர் நேரம் தவறிச் சூடாகிறது என்றால், மீட்டரை மாற்றச் சொல்லி உடனே கூப்பிடுங்கள்.

ப்ரீபேமெண்ட் (முன்பணம் போட்டு ஓட்டும்) சாவி மீட்டர். விலை இறங்கி இரண்டு வாரம் ஆகியும் பழைய விலையே ஓடுகிறது போலிருக்கிறது.
– வாசகர், லூட்டன்

சாவியும் கார்டும் வெறும் பணப்பை அல்ல, புதிய விலையை மீட்டருக்குள் கொண்டுபோகும் தூதும் அவைதான். விலை மாறிய பின் கடையில் டாப்-அப் செய்து, சாவியை மீட்டரில் போட்டால்தான் புதிய விலை ஏறும். மாற்றத்துக்கு முன்பே பெரிய தொகையைப் போட்டுவைத்துவிட்டு இரண்டு வாரம் கடைப்பக்கம் போகாவிட்டால் பழைய விலை தொடரும். விலை இறங்கியதும் 5 பவுண்டாவது போடுங்கள். ஒன்றிரண்டு டாப்-அப் ஆன பிறகும் மீட்டர் திரையில் விலை மாறவில்லை என்றால் நிறுவனத்தைக் கூப்பிட்டு, வித்தியாசத்தைக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்து வந்து, 'ஒன்றுமே எரிக்கவில்லை, போட்ட பணம் எங்கே?' என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில்: ஸ்டாண்டிங் சார்ஜ் ஒவ்வொரு நாளும் கழிந்திருக்கும்.

அறை வாடகைக்கு இருக்கிறேன். கரண்டுக்கு வீட்டு உரிமையாளர் யூனிட் 40 பென்ஸ் வாங்குகிறார்.
– மாணவர், நியூகாசில்

தம்பி, தான் கட்டிய விலைக்கு மேல் அவர் உங்களிடம் வாங்கக் கூடாது. மறுவிற்பனைக்கு உச்ச விலை விதி இருக்கிறது. அவர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் யூனிட் விலை, வாட், ஸ்டாண்டிங் சார்ஜில் உங்கள் பங்கு, அவ்வளவுதான். பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அவர் வணிக இணைப்பில் இருந்தால் உச்சவரம்பு அவருக்குப் பொருந்தாது, அப்போது 40 பென்ஸ் உண்மையாகவே அவர் கட்டும் விலையாகவும் இருக்கலாம். வாடகையோடு 'பில் எல்லாம் உள்ளடக்கம்' என்று ஒப்பந்தம் என்றால் இந்த வாதம் எடுபடாது.

நிறுவனத்துக்கு எழுதி எழுதிக் களைத்துவிட்டேன்.
– வாசகி, பர்மிங்காம்

முதல் கடிதத்திலேயே 'புகார்' என்ற சொல் இருக்க வேண்டும், தேதி எண்ணப்படுவது அதிலிருந்துதான். எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றாலோ, இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலோ எரிசக்தி ஓம்பட்ஸ்மனிடம் (நிறுவனத்தைச் சாராமல் புகாரைத் தீர்க்கும் நடுவரிடம்) போகலாம். செலவில்லை. அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். ரீடிங் ஃபோட்டோக்கள், பில்கள், பேசிய தேதிகள் மூன்றையும் ஒரே கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு எழுந்து ஸ்மார்ட் மீட்டர் திரையைப் பார்த்தால் அதற்குள் 90 பென்ஸுக்கு மேல் காட்டுகிறது. எல்லாரும் தூங்கிக்கொண்டுதானே இருந்தோம்?
– வாசகி, வெம்ப்ளி

நள்ளிரவு தாண்டியதும் அன்றைய ஸ்டாண்டிங் சார்ஜைத் திரை சேர்த்துவிடுகிறது. 2026 ஜனவரி–மார்ச் விலையில் கரண்டுக்கு 54.75, காஸுக்கு 35.09, கூட்டினால் 89.84 பென்ஸ். மேலே உள்ள சில பென்ஸ் ஃப்ரிட்ஜும் வைஃபையும். விலை மாறிய வாரத்தில் அந்தத் திரை பழைய விலையையே காட்டினாலும் பயப்பட வேண்டாம், பில் திரையிலிருந்து எடுக்கப்படுவதில்லை, மீட்டரில் பதிவான யூனிட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. திரையைப் பிடுங்கி மறுபடி சொருகினால் பெரும்பாலும் புதிய விலை வந்துவிடும்.